ரம்பம் படாத மண்டையோடு

தனம் அக்கா,

முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்குத் துணி தேய்த்துக் கொடுத்தும், என் வெள்ளைக் கோட்டை மட்டும் மடிக்க மனசு வராமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் வீட்டு வாசல் வரை வந்த என் அக்கா,

முதலில் தெருச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். தெருக்குழாயில் இப்போது காலை ஐந்தரைக்கே தண்ணீர் வந்துவிடுகிறது, அதனால் சண்டையும் ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார். தள்ளுவதா இழுப்பதா என்று புரியாமல் பாதிப் பேர் வெளியே நின்றே குரல் கொடுத்துச் சாமான் வாங்குகிறார்கள். உங்கள் மகள் கலா துணிக்கடை வேலையை விடவில்லை. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். உங்கள் தேய்ப்பு வண்டி நின்ற மூலையில் எதிர்வீட்டுக்காரர் நான்கு குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார், அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.

இப்படிப் பேசி நேரம் கடத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோட்டில் கறை எப்படி வந்தது என்று நான் சுற்றி வளைத்துக் கதை சொல்லும்போதெல்லாம், "கதையெல்லாம் வேணாம், கறைய மட்டும் காட்டு தங்கச்சி" என்பீர்கள். காட்டிவிடுகிறேன். மேரின் தலையைத் திறந்து பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். நான் திறக்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை நம் தெருவும் படிக்கப் போகிறது, நம் தெருவைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேர் என்பது உங்கள் நாயின் பெயர். வைத்தவர் உங்கள் மாமனார். நகராட்சித் தலைவரை மேர் என்று சொல்வது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம், அவருக்குக் கடைசி வரைக்கும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. எங்கிருந்தோ குட்டியாக வந்து சேர்ந்த அந்தச் செவலை நாய், தினமும் காலையில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கும். ஒவ்வொரு வாசலையும் மோந்து பார்க்கும். திரும்பி வந்து உங்கள் வண்டிக்கு அடியில் நிழலில் படுத்துக்கொள்ளும். "மேரு ரவுண்டு முடிச்சிட்டாரு, இனிமே யாரும் மனு குடுக்க முடியாது" என்று உங்கள் மாமனார் சிரிப்பார். அவரும் உங்கள் வீட்டுக்காரரும் மில்லை நம்பி இருந்தவர்கள். மில் மூடிய பிறகு உங்கள் இஸ்திரிப் பெட்டிதான் அந்த வீட்டைத் தாங்கியது என்று தெருவுக்கே தெரியும்.

நான் கால்நடை மருத்துவர். இந்தத் தெருவுக்குக் குடி வந்த புதிதில் நீங்கள் என்னை டாக்டரம்மா என்றீர்கள். மேருக்கு ஒருமுறை காதில் புண் வந்து நான் கழுவி மருந்து போட்டேன். அன்றையிலிருந்து தங்கச்சி ஆனேன். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

அந்தப் பிற்பகலை நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபடியே எழுதுகிறேன். தேய்த்த துணிகளைக் கொடுக்க நீங்கள் அடுத்த தெருவுக்குப் போனபோது மேர் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ரோட்டோரம் சாக்கடை விளிம்பில் கிடந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் புது வீட்டு கேட்டில் பெயர்ப் பலகை அடித்துக்கொண்டிருந்தார், கையில் சுத்தியல்.

"தண்ணி கேன் வண்டிக்கா. அடிச்சிட்டுப் போயிட்டான். நாங்கூடக் கத்தினேன், நிக்கவே இல்ல. பாவம், நல்ல நாயி" என்றார் அவர்.

நீங்கள் நம்பவில்லை. அவருடைய காரைப் பார்த்து மேர் குரைக்கும். உங்கள் வண்டி அவருடைய கேட்டை மறைக்கிறது என்று ஒரு வருடமாகச் சண்டை. அதனால் நேராக ஸ்டேஷனுக்குப் போனீர்கள். "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுது சார். அந்தாளுதான் அடிச்சிருக்கான். ஆஸ்பத்திரியில அறுத்துப் பாக்கச் சொல்லுங்க, எங்க தங்கச்சி அங்கதான் டாக்டரு" என்று சொன்னீர்களாம். ஒரு தெருநாய்க்காகப் புகாரா என்று சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர், புகாரை எழுதி வாங்கிப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார். பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தீர்கள். உங்கள் புடவை முழுக்க ரத்தம்.

இனி நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மேரை மேஜையில் கிடத்தினேன். இடுப்புப் பக்கம் தோல் உரிந்து சிராய்ப்பு, தரையில் இழுபட்டாலும் வரக்கூடியது. மார்பையும் வயிற்றையும் திறந்தேன். ஒரு விலா எலும்பும் முறியவில்லை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் எதிலும் கிழிசல் இல்லை. வண்டி மோதிய நாய்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே இவ்வளவு சுத்தமாக இருப்பது அபூர்வம். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு வலது காதுக்கு மேலே விரலை வைத்தேன். உப்பியிருந்தது, அழுத்தினால் உள்ளே அமுங்கியது. என் விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்து நான் செய்திருக்க வேண்டியது இதுதான். அந்த இடத்து முடியை மழித்துத் தோலைப் பிரிக்க வேண்டும். மண்டையோட்டை ரம்பத்தால் வட்டமாக அறுத்து மூடியைப் போல எடுக்க வேண்டும். உள்ளே மூளை எந்தப் பக்கம் கன்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடுகிற தலை போய் எதிலாவது மோதினால் மோதிய பக்கம் மட்டுமில்லாமல் எதிர்ப்பக்கமும் கன்றிப்போக வாய்ப்பு உண்டு. அசையாமல் கிடக்கிற தலையில் அடி விழுந்தால் பெரும்பாலும் அடி விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கன்றும். தூங்கிக்கொண்டிருந்த நாய் என்று நீங்கள் சொன்னீர்களே, அதை மேரின் மூளையும் சொல்லியிருக்கும். நான்தான் கேட்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? ரம்பம் மழுங்கியிருந்தது. தலையைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளர் லீவில் போயிருந்தார். வீராம்பட்டினத்தில் தடுப்பூசி முகாம், வெளியே ஜீப் காத்திருந்தது. இவையெல்லாம் உண்மைதான், ஆனால் காரணம் இல்லை. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும்தான் நாயின் தலையைத் திறப்பது எங்கள் வழக்கம். மனிதனுக்குப் பயம் வந்தால் தலை திறக்கப்படும். நாய்க்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காக யார் திறக்கிறார்கள்? தெருநாய்தானே, இவ்வளவு போதும் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன் அக்கா, வார்த்தை மாறாமல்.

அறிக்கையில் மண்டையோட்டுக்கு ஒரு வரி உண்டு, மூளைக்கு ஒரு வரி உண்டு. காலியாக விட்டால் கேள்வி வரும். முன்பு வேறொரு விபத்து நாய்க்கு எழுதிய அறிக்கை கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து இரண்டு வரியையும் எடுத்துப் போட்டேன். "மண்டையோட்டில் முறிவு இல்லை. மூளையில் பரவலான ரத்தக் கன்றல், வாகனம் மோதியதற்குப் பொருந்துகிறது." கையெழுத்துப் போட்டேன். நீங்கள் தேய்த்துக் கொடுத்த கோட்டைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தேன். வயிற்றுத் தையலை முடித்து உங்களிடம் மேரைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வாசலில் வந்து நின்றீர்கள். கையில் வழக்கம்போல என் கோட்டு. ஸ்டேஷனில் அறிக்கையைப் படித்துக் காட்டிவிட்டார்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிந்தது.

"தலையத் தொறந்து பாத்தியா தங்கச்சி?"

"பார்த்தேன்க்கா."

"உள்ள இன்னா இருந்துச்சி?"

"ரத்தம் கட்டியிருந்துச்சி. வண்டி மோதினா அப்படித்தான் இருக்கும்."

"அப்போ அந்தாளு அடிக்கல?"

"இல்லக்கா. விட்டுருங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்களே, நான் சுலபமாக மறைத்துவிட்டேன். நீங்கள், "அநியாயமா ஒருத்தர் மேல பழி போட்டுட்டனே" என்று சொல்லிக் கோட்டை என் கையில் கொடுத்தீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் அறிக்கையின் மை காயவில்லை, ஒரு ஃபோன் போட்டால் போதும். நான் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

மறுநாள் நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குழாயடியில் தெருவே குடத்தோடு நிற்கிற நேரத்தில், எதிர்வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்று அவரைக் கூப்பிட்டீர்கள். "தப்பா நெனச்சிப் புகாரு குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று குனிந்து அவர் காலைத் தொட்டீர்கள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். எல்லாரும் கேட்கும்படி ஏன் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல்கூட வந்தது. தெருவுக்கே தெரியும்படிதானே நீங்கள் அவர்மேல் புகார் கொடுத்தீர்கள், அதனால் எல்லாரும் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கணக்கு. நியாயமான கணக்கு. அதில் பொய்யை வைத்தது நான்.

"பரவால்லக்கா. படிக்காதவங்க, தெரியாம பேசிட்டீங்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல. வண்டிய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க" என்றார் அவர்.

மறுபேச்சுப் பேசாமல் தள்ளிப் போட்டீர்கள். வேப்பமர நிழலை விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சுவரோரம், முழு வெயிலில். அதற்கப்புறம் எட்டு மாதம் அங்கேதான் துணி தேய்த்தீர்கள். பொய்ப் புகார்க்காரி என்று உங்கள் காதுபடவே சிலர் சொன்னார்கள். ஒருநாள் காலையில் பெட்டிக்குக் கரி போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வெயில்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மனுஷருக்கு நான் டாக்டர் இல்லை. திறந்து பார்க்காத எதைப் பற்றியும் பேசுகிற உரிமை எனக்கு இனி இல்லை. ஆனால் அந்த எட்டு மாதமும் என் கோட்டு முறை தவறாமல் வாசலுக்கு வந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஒழுங்காகத் தூங்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எல்லா நெஞ்சுக்கும் பொருந்தாது போலிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு கலா ஃபோன் செய்தாள்.

"டாக்டர், பின்னாடி பாதாள சாக்கடைக்குக் குழி தோண்டுனாங்க. முருங்கை மரத்துகிட்ட மேரோட எலும்பு வந்துடுச்சி. குப்பையில போட மனசு வரல. இன்னா பண்றதுன்னு தெரியல, வந்து பாக்குறீங்களா?"

போனேன். உங்கள் வீட்டுக் கொல்லை உங்களுக்குத் தெரியும், நான்கு எட்டு வைத்தால் சுவர். அன்னக்கூடையில் எலும்புகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். போர்வையின் ஒரு துண்டு மக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டையோட்டை எடுத்துக் கொல்லைக் குழாயில் பிடித்துக் கழுவினேன். மண் கரைந்து போனது. வலது பக்கம், காதுக்கு மேலே, என் விரல் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வட்டமாக ஒரு குழி. நாணயத்தை வைத்து அழுத்தியது போல எலும்பு உள்ளே இறங்கி, சில்லு சில்லாக உடைந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் பிறை மாதிரி இன்னொன்று.

கலா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மம்பட்டி பட்டு ஓட்ட வுழுந்துடுச்சா டாக்டர்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அக்கா. பழியை மண்வெட்டிமேல் போட்டுவிட்டு, திரும்பப் புதைத்துவிடு கண்ணு என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் புதைத்திருப்பாள். கேட்டது உங்கள் மகள், நின்றது உங்கள் கொல்லையில், என் நாக்கில் இரண்டாவது பொய் தயாராக இருந்தது. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் இதைவிடக் கேவலமானது ஒன்றும் இல்லை.

மண்வெட்டி இல்லை என்று அந்த எலும்பே சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்கு உடைந்த எலும்பு என்றால் உடைந்த விளிம்பு வெள்ளையாக இருக்கும். இந்த விளிம்பில் மண்ணின் நிறம் ஆழமாக ஏறியிருந்தது. சாவதற்கு ரொம்ப நாள் முன்னால் பட்ட காயம் என்றால் எலும்பு ஆறத் தொடங்கி விளிம்பு மழுங்கியிருக்கும். இது கூர்மையாகவே இருந்தது. வட்டக் குழியிலிருந்து கிளம்பிய விரிசல்கள் தடையில்லாமல் நீண்டிருந்தன. பிறைக் குழியிலிருந்து கிளம்பியவை அந்த முதல் விரிசலில் முட்டி நின்றுவிட்டன. ஏற்கெனவே பிளந்திருக்கிற எலும்பைத் தாண்டி அடுத்த பிளவு போகாது. அப்படியென்றால் வட்டம் முதல் அடி, பிறை இரண்டாவது அடி. எந்த வண்டியும் ஒரு நாயின் தலையில் வட்டமாக ஒரு முறையும் நிதானமாக மறுபடி ஒரு முறையும் மோதாது.

யார் கை என்று எலும்பு சொல்லாது. அதை நானும் சொல்ல மாட்டேன், இங்கே மட்டுமில்லை, எங்கேயும். சுத்தியல் முனை போன்ற ஒன்று, இரண்டு அடி, சாவு நேர்ந்த சமயத்தில். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். இவ்வளவைத்தான் அன்றைக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த மண்டையோடு ஒருவர்மேல் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாட்சி சொல்கிறது. அதில் ரம்பம் போன தடமே இல்லை. மூளையைப் பார்த்தேன் என்று எழுதியவள் மண்டையை அறுத்திருக்க வேண்டும். முறிவு இல்லை என்று எழுதியவள் எலும்பைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு குழியைத் தவிர முழுசாக, மூடியது மூடியபடி, அது என் கையில் இருந்தது. அடித்தவனைக் காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் நீட்ட வேண்டும். நீட்டினால் முதலில் காட்டிக்கொடுக்கப்படுவது நான்.

குழாயை நிறுத்திவிட்டுக் கலாவிடம் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். இது மம்பட்டி இல்லம்மா, யாரோ அடிச்சிருக்காங்க, உங்க அம்மா சொன்னதுதான் சரி, நான் தலையைத் திறக்கவே இல்லை, திறந்த மாதிரி எழுதிட்டேன், அம்மாகிட்டயும் பொய் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கலா அழவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்லிச்சி டாக்டர்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"அன்னிக்கி மேரக் குளிப்பாட்டிப் பொதைக்கும்போது, வயித்துல தையல் இருக்குது, தலையில தையலே இல்லியேன்னு கேட்டுச்சி. அதுக்கப்புறந்தான் உங்க வூட்டுக்கு வந்துச்சி. நீங்க பாத்தேன்னு சொன்னீங்களாம். திரும்பி வந்து எங்கிட்ட, 'டாக்டருக்குப் படிச்சவங்கடி, நம்ம கண்ணுக்குத் தெரியாதபடி தைப்பாங்க போல' அப்படின்னு சொல்லிச்சி."

ஆயிரம் துணியின் தையலைப் பார்த்த கண் உங்களுடையது. பிரிந்த இழையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கண் பார்த்ததை நீங்கள் தள்ளிவிட்டு என் வாய் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள். நிஜமாகவே நம்பினீர்களா, அக்கா? இல்லை, தங்கச்சி பொய் சொல்கிறாள் என்று நினைக்கப் பிடிக்காமல் அப்படி ஒரு தையலை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டீர்களா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். என் அறிக்கையின் அந்த இரண்டு வரியும் பொய் என்று துறைக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்தேன். மண்டையோட்டைப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு ஒப்படைத்தேன். எனக்கு மேலே இருக்கிற டாக்டர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நாயும் போச்சு, புகார் குடுத்த அம்மாவும் போயிட்டாங்க. யாருக்காகம்மா இப்ப உங்க வேலைக்கு நீங்களே குழி தோண்டுறீங்க?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அதற்கு மேலும் வரலாம். எதிர்வீட்டுக்காரர்மேல் வழக்கு திரும்பத் திறக்கப்படுமா என்று தெரியாது. சுத்தியல் இந்நேரம் எங்கே இருக்கிறதோ.

எழுதிக் கொடுத்ததும் ஏதோ பெரிய தியாகம் செய்தவளைப் போலக் கலாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தக் காயிதத்த எல்லாம் யாரு படிப்பாங்க டாக்டர்? எங்கம்மா கொழாயாண்ட தெருவே பாக்க அந்தாளு கால்ல வுழுந்துச்சி. நீங்களும் கொழாயாண்ட வந்து சொல்லுங்க."

"சொல்றேம்மா."

"கோட்டு போட்டுக்கினு வாங்க. அந்தக் கோட்டப் பாத்துத்தான் அம்மா நம்புச்சி."

உங்கள் மகளேதான், சந்தேகமே இல்லை.

அதனால் அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்குத் தண்ணீர் வரும். எல்லாரும் குடத்தோடு நிற்பார்கள், எதிர்வீட்டுக்காரரும் தன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருவார். நீங்கள் நின்ற அதே இடத்தில் நிற்பேன். நேற்றிரவு கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நிறுத்தக் கூடாது. முன்பு போல ஸ்கூட்டரைக் கிளப்ப மாட்டேன். "மேரோட தலையை நான் திறக்கல. திறந்தேன்னு தனம் அக்காகிட்ட பொய் சொன்னேன். அவங்க குடுத்த புகார் பொய் இல்ல. அவங்க கேட்ட மன்னிப்பு நான் கேட்க வேண்டியது." இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரம்பத்துக்குப் புது அலகு போட்டாகிவிட்டது. தெருவில் பிறந்ததோ மாளிகையில் வளர்ந்ததோ, என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு தலையையும் திறப்பேன். ஏதோ ஒரு நாள் முடியாமல் போனால் அந்த வரியில் 'திறக்கவில்லை' என்று எழுதுவேன். ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு அதை எழுதியிருந்தால், இதோ, நீங்கள் யார் காலையும் தொட்டிருக்க மாட்டீர்கள். விசாரணை முடிந்ததும் மேரின் தலையை வாங்கி வந்து முருங்கை மரத்தடியில் மற்ற எலும்புகளோடு சேர்ப்பேன், கலாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோட்டை நானே துவைத்து நானே தேய்த்து வைத்திருக்கிறேன். காலரில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்குத் தெரியத்தான் செய்யும், தெரியட்டும்.

நீங்கள் நம்பிய,
தங்கச்சி